துணி தின்ற மண்

“அதிலை கை வைக்காதை பிள்ளை!”

அடுப்படிக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் என் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. ரெஜினா அன்ரி சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை. மீன்காரன் நிறுவையில் ஏமாற்றினால்கூட, “அவனுக்கும் வயிறு இருக்குத்தானே” என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிற மனுசி அவர்.

நான் பின்வளவில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கொதிநீரில் அவித்தெடுத்த கரண்டியால் மண் அள்ளி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டும் ஆகிவிட்டது. அன்ரி ஈரக் கையோடு ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் கிண்டிய சின்னக் குழியைத்தான் பார்த்தார். குனிந்து, சுற்றியிருந்த மண்ணை உள்ளங்கையால் இழுத்து மூடி, மெல்லத் தடவிவிட்டார். படுத்திருக்கிற ஆளுக்குப் போர்வை சரிசெய்கிற மாதிரி ஒரு தடவல்.

“உனக்கு மண் தேவையெண்டா முன்னுக்குப் பூச்சாடியிலை எடு. இதிலை வேண்டாம்.”

“ஏன் அன்ரி?”

“பாம்பு இருக்கு.”

கொழும்பில், கொட்டாஞ்சேனையில், மூன்று பக்கமும் சீமெந்து மதில், நாலாம் பக்கம் அடுப்படிச் சுவர். நடுவிலே ஒரு பாய் விரிக்கிற அளவு மண். அந்தத் தெரு ஒழுங்கையிலேயே சீமெந்து பூசாமல் மிஞ்சிய மண் அவ்வளவுதான். பாம்பு வருவதென்றால் பஸ்ஸில்தான் வரவேண்டும். நான் சிரிக்கப் பார்த்தேன். அன்ரியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் பைக்குள் போட்ட மண்ணை நான் திருப்பிக் கொட்டவில்லை. அவர் கேட்கவுமில்லை.

மச்சம் சாப்பிடுவியோ?

பாமன்கடை வீட்டுக்காரர் என்னைப் பெட்டியோடு வெளியே அனுப்பிய கதையைப் போன கிழமை எழுதினேன். அந்த மனுசனின் பெயரையும் போட்டிருக்கலாமே என்று ஒரு வாசகி கோபப்பட்டிருக்கிறார். போடமாட்டேன் அம்மா. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள், அவர்கள் நல்ல பிள்ளைகள்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு தனியாக இருக்கிற பெண்ணுக்குக் கொழும்பில் அறை கொடுக்க ஆட்கள் பயந்தார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள். அறை தரவில்லை. “எங்களுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, செக்கிங் வந்தாத்தான்…” என்று வசனத்தைப் பாதியில் விடுவார்கள். மீதியை நான் போட்டு நிரப்பிக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான்.

ரெஜினா அன்ரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மச்சம் சாப்பிடுவியோ?”

“இல்லை அன்ரி.”

“நல்லது. மீன் எனக்கு மிஞ்சும். பெட்டியை மேல வை.”

அவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கணவர் செபஸ்தியான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள், துறைமுகத்தில் கிளார்க். நான் அந்த வீட்டுக்குப் போவதற்குச் சில வருடம் முந்தி ஒரு பின்னேரம், வேலை விட்டு வந்துகொண்டிருந்தவரை பஸ் தரிப்பில் வைத்து யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்ரி ஏறாத பொலிஸ் இல்லை, போகாத முகாம் இல்லை. எங்கேயும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள்.

அன்ரி அவரைப் பற்றி இறந்தகாலத்தில் கதைப்பதில்லை. “அவருக்கு இடியப்பத்துக்குக் கட்டைச் சம்பல் வேணும்” என்பார், ஆள் முன்னறையில் இருக்கிற மாதிரி. வாசலில் அவருடைய செருப்புச் சோடி இருக்கும். சனிக்கிழமை தோறும் அதைக் கழுவிக் காயவைப்பார். முதல் மாதம் எனக்கு அந்தச் செருப்பைத் தாண்டிப் போகவே ஒருமாதிரி இருந்தது.

கார்த்திகை, அதாவது நவம்பர் பிறந்ததும் ஆத்துமாக்கள் திருநாள் வரும். கத்தோலிக்கச் சனம் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் ஆட்களின் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துகிற நாள். அன்ரி தன் தாய் தகப்பனுக்கென்று இரண்டு மெழுகுதிரி வாங்குவார். கூட ஒன்றும் வாங்குவார். அந்த ஒன்று கொளுத்தப்படாமலேயே வீட்டுக்குத் திரும்பி வரும். அதைக் கண்ணாடி அலுமாரிக்குள், மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டுவார். அங்கே முன்னைய வருடங்களின் மெழுகுதிரிகளும் கிடந்தன.

கொளுத்தினால் செத்துப்போனார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. வாங்காமல் விட்டால் மறந்துபோன மாதிரி. அதனால் வாங்குவார், கொளுத்தமாட்டார். எங்கள் சைவச் சனத்தில் ஆள் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்தாவது எரித்து ஒரு முடிவு கட்டிவிடுவோம். இந்த மனுசிக்கு முடிவு கட்ட ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மழை இல்லாத மழை மணம்

எனக்கு வேலை ஓர் ஆய்வுகூடத்தில். மண்ணில் வாழ்கிற பக்டீரியாக்களிலிருந்து புதிய அன்டிபயோட்டிக் ஏதும் கிடைக்குமா என்று தேடுகிற வேலை. எங்கள் மேடம், கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண், எங்கே போனாலும் மண் கொண்டுவரச் சொல்வார். கலியாண வீட்டுக்குப் போனால் பலகாரத்தோடு மண்ணும் வரவேண்டும். மாளிகாவத்தையிலிருந்து வருகிற என் கூட்டாளி பரீதா, ஹெந்தளையில் மாமி வீட்டுக் கோழிக்கூட்டடி மண்ணைக்கூடக் கட்டிக்கொண்டு வந்தாள். வழியிலே செக்பொயின்றில் பையைத் திறந்து மணந்த ஆமிக்காரன் அடுத்த மூன்று பேரைச் சோதிக்காமலேயே விட்டானாம்.

மண்ணை நிழலில் உலரவிட வேண்டும். உலர்ந்தால் நோஞ்சான்கள் செத்துவிடும், தாக்குப்பிடிக்கிறவை மிஞ்சும். பிறகு அவித்த தண்ணீரில் கலக்கி, மேலும் மேலும் ஐதாக்கி, கண்ணாடித் தட்டிலே உறையவைத்த அகார் மேல் ஒரு சொட்டுத் தடவ வேண்டும். அகார் என்றால் வேறொன்றுமில்லை, நோன்புக்குப் பரீதா வீட்டில் காய்ச்சுகிற கடற்பாசிதான், பாலும் சீனியும் இல்லாமல்.

அன்ரி வீட்டு மண் ஒரு கிழமையாக ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஒரு காலையில் தட்டுகளை வைக்கிற சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்தேன். மழை மணம் வந்தது.

அது அணைகள் வற்றிக் கரண்ட் வெட்டிய வருடம். மாதக்கணக்காக மழை இல்லை. கதவைத் திறந்ததும் முதல் மழை விழுந்த முற்றத்தின் மணம் முகத்தில் அடித்தது. நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயில் எரிந்துகொண்டிருந்தது.

காரணம் தெரியும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று ஒரு பக்டீரியாக் குடும்பம் இருக்கிறது. பக்டீரியாதான், ஆனாலும் பூஞ்சணம் மாதிரி நூல் நூலாக வளரும், மேலே சுண்ணாம்புப் பொடி பூசியது போல வெளுக்கும். மண் மணம் என்று நாம் சொல்வது அதிகமாக அவை விடுகிற ஒரு வாசனைப் பொருளைத்தான். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விசயம். தெரிந்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனபோது பின்வளவிலும் அதே மணம் நின்றது. மண் பொருக்கு வெடித்துக் காய்ந்திருந்தது, மணம் மட்டும் ஈரமாக இருந்தது.

அந்த வெள்ளைப் பொட்டைத் தனியாக எடுத்து வளர்த்து, புண்களைச் சீழ் பிடிக்க வைக்கிற கிருமிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் வெள்ளைப் பொட்டைச் சுற்றி ஒரு வெறும் வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமியும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“அடி, கொன்னுட்டிச்சி!” என்றாள் பரீதா.

பசி வந்தால்தான்

இது எப்படிக் கொல்கிறது என்பதைவிட எப்போது கொல்கிறது என்பதுதான் என்னை அந்த நாட்களில் நித்திரை கொள்ள விடாமல் செய்தது.

தீன் இருக்கிற வரைக்கும் இந்தப் பக்டீரியா நூல்களைப் பரப்பிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். தீன் முடிகிற நேரம் அதற்குள் ஒரு மாற்றம் நடக்கும். தன் அடி நூல்களைத் தானே கரைத்துத் தின்னத் தொடங்கும். அந்தச் சத்தில் புதிய நூல்கள் மேலே, காற்றுக்குள் எழும்பும். அவற்றின் நுனியில் விதை மாதிரி வித்திகள் உண்டாகும். கீழே உடம்பு சாக, மேலே பிள்ளைகள். கரைகிற உடம்பு பக்கத்து வீட்டுக் கிருமிகளுக்கெல்லாம் விருந்து. அவை வந்து பிள்ளைகளின் சாப்பாட்டைக் களவெடுக்காமல் இருக்கத்தான் அந்த நேரம் நஞ்சு கட்டுகிறது என்று பலர் நம்புகிறார்கள். சாகப்போகிற உடம்பு போடுகிற வேலி. அந்த வேலியைத்தான் நாம் குளிசையாக விழுங்குகிறோம்.

கட்டுகிற விதம் இன்னும் அதிசயம். எடுக்கிற பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. வினாகிரியின் சொந்தக்காரன் போன்ற சின்னச் சின்ன அமிலத் துண்டுகள். பக்டீரியாவுக்குள் பெரும் புரதங்கள் வரிசையாக நிற்கும். முதல் ஆள் ஒரு துண்டைப் பிடித்து அடுத்த ஆளிடம் கொடுப்பார். அவர் இன்னொன்றை ஒட்டி, தேவையானால் ஒரு மூலையைச் சீவி, அதற்கடுத்தவரிடம் நீட்டுவார். சங்கிலி நீண்டு கடைசி ஆளிடம் போகும்போது அவர் தலையையும் வாலையும் பொருத்தி வளையமாக்கிக் கழற்றிவிடுவார். துறைமுகத்தில் மூட்டை கை மாறுகிற மாதிரி. எல்லா நஞ்சும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் பேர்போன பல மருந்துகள் இப்படிக் கட்டப்பட்டவை.

அதற்கு முந்தி இன்னொரு வேலையையும் அது மறக்காது. தன் நஞ்சு தன்னைக் கொல்லாமல் இருக்கத் தன் உடம்பில் அந்த நஞ்சு பிடிக்கிற இடத்தை மாற்றிவைக்கும், அல்லது உள்ளே சேரச் சேர வெளியே இறைத்துவிடும். இந்த ஒரு புத்தி நமக்கு இருந்திருந்தால் எங்கள் நாடு வேறு மாதிரி இருந்திருக்கும். சரி, அதை விடுவோம்.

எங்கள் வெள்ளைப் பொட்டு ஒரு மாதம் கழித்துக் கொல்வதை நிறுத்தியது.

வளர்ந்தது, கொழுத்தது. ஆனால் வட்டம் வரவில்லை. நான் சீனியைக் கூட்டிப் பார்த்தேன், ஈஸ்ட் போட்டுப் பார்த்தேன், சூட்டை மாற்றிப் பார்த்தேன். எட்டு மணிக்குப் போய் ஒவ்வொரு தட்டாகத் திறந்து திறந்து மூடுவேன். மேடம், “இன்னும் ஒரு கிழமை பார், பிறகு அவித்து ஊற்றிவிடு” என்றார்.

பரீதாதான் வழி சொன்னாள். அது நோன்பு மாதம், அவளுக்கு நாக்கு இன்னும் கூராக இருந்தது.

“நீங்க சீனியக் குடுத்துக் குடுத்து அதப் பழுதாக்கிட்டீங்க. நோன்பு புடிக்க வைங்க. அப்பதான் புத்தி வரும்.”

பகிடிக்குச் சொன்னாள். ஆனால் சரியான பேச்சு. சீனி கிடைத்தால் பக்டீரியா வேறெதையும் செய்யாது, நஞ்சு கட்டுகிற வரிசையைக் கலைத்துவிடும். நாங்கள் சீனியை நிறுத்தினோம். ஒரு தட்டில் வைக்கோல் தூள், ஒன்றில் இறால் கோது, ஒன்றில் மா, ஒன்றில் வெள்ளைப் பருத்தித் துணியைத் தூளாக இடித்துப் போட்டோம்.

வைக்கோலில் கொஞ்சம் அசைந்தது. துணித் தட்டில் பேய் பிடித்தது. வட்டம் தட்டின் விளிம்புவரை போயிருந்தது, அறை முழுக்க மழை மணத்தது. மேடம் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது துணி தின்று பழகினது. எங்கே எடுத்தாய், பழந்துணி எறிகிற இடத்திலா?” என்று கேட்டார்.

அதுவும் பகிடிதான். துணியைத் தின்னக்கூடிய பக்டீரியா எந்த மண்ணிலும் இருக்கும். அதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. ஆனால் என் கண்ணுக்குள் அன்ரி மண்ணைத் தடவிய கை வந்து நின்றது.

கதையின் இந்தப் பக்கத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். எங்கள் பொட்டு கட்டிய நஞ்சை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தோம். ஏற்கெனவே தெரிந்த சாமான் என்று பதில் வந்தது. மருந்தாகவில்லை, மேடமும் பெரிய ஆளாகவில்லை.

பொட்டலம்

துணித் தட்டைப் பார்த்த அடுத்த நாள் பின்னேரம் அன்ரி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அன்ரி, அந்த மண்ணுக்குள்ளை துணி ஏதும் தாட்டு வைச்சிருக்கிறீங்களோ?”

துருவலை நின்றது.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. மண்ணிலை இருக்கிற பூச்சி துணி தின்னுது.”

அன்ரி கையைத் துடைத்தார். பின்கதவுக்குப் போய் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவரைக் கொண்டுபோய் ஒரு மாதத்தாலை ஒருத்தன் வந்தவன். முகாமிலை இருந்து விட்டுக் கலைச்ச பெடியன், முகமெல்லாம் வீங்கியிருந்தது. பேப்பரிலை சுத்தி ஒரு பொட்டலம் தந்தவன். ‘உங்கட மனுசன்ர சட்டையாம், குடுக்கச் சொன்னவை’ எண்டான். தண்ணி குடியடா மகனே எண்டன். நிக்கேல்லை, ஓடிட்டான். பேப்பரிலை கறுப்பா ஊறியிருந்தது.”

“சட்டை என்ன நிறம் அன்ரி?”

“நான் பிரிக்கேல்லை.”

எனக்கு விளங்கவில்லை.

“பிரிச்சு அது அவற்ற சட்டையா இருந்தா? அதோட முடிஞ்சுதே எல்லாம். பிரிக்காட்டி… சுத்தினபடியே கொண்டுபோய்த் தாட்டிட்டன். எறியவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது.”

பிரித்திருந்தால் அவருக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவரைக் கொண்டுபோன அன்றைக்குக் காலை வேலைக்குப் போகிற நேரம் செபஸ்தியானின் வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்துவிட்டது. தேட நேரமில்லை. அன்ரி தன் கவுனில் இருந்த ஒரு நீலப் பொத்தானை வெட்டி, அவர் போட்டிருந்தபடியே வைத்துத் தைத்துவிட்டார். “கந்தோரிலை சிரிக்கப்போறாங்கள்” என்று சொல்லிக்கொண்டு போனாராம். அதுதான் கடைசிப் பேச்சு.

“பிள்ளை, உங்கட பூச்சியள் எல்லாத்தையும் தின்னுமோ?”

“துணி, பேப்பர், நூல்… ஓம் அன்ரி.”

“ரத்தத்தையுமோ?”

நான் தலையாட்டினேன்.

“தின்னட்டும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மெல்லமாத் தின்னட்டும்” என்றார்.

அதன்பிறகு அவர் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தக் கறிவேப்பிலையடியில் குந்தத் தொடங்கினார். மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து மணந்து பார்ப்பார். எனக்கு அந்த வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. வேறு வீடு தேடவும் மனம் வரவில்லை.

செக்கிங்

ஐப்பசியில் ஒருநாள் விடியப்புறம் ஒழுங்கையை வளைத்தார்கள். பொலிசும் ஆமியும் வீடு வீடாக வந்தார்கள். என் அடையாள அட்டையை ஒருவன் அதிகநேரம் வைத்துப் பார்த்தான். நான் ஆய்வுகூட அட்டையையும் நீட்டினேன். அதற்குள் பின்வளவிலிருந்து ஒரு குரல்.

“மெதன மொனவத?”

இங்கே என்ன இருக்கிறது என்கிறான். ஒழுங்கை முழுக்கச் சீமெந்து. இங்கே மட்டும் ஒரு பாய் அளவு மண். அதுவும் கல் பொறுக்கி, தடவித் தடவி மட்டமாக்கி வைத்திருக்கிற மண். யாருக்கும் ஆயுதம்தான் ஞாபகம் வரும்.

நான் தெரிந்த சிங்களத்தில், ஆராய்ச்சிக்கு மண் எடுக்கிற இடம் சேர், வேறொன்றுமில்லை என்றேன். அவர்களில் பெரியவன் என்னைப் பார்த்தான், அன்ரியைப் பார்த்தான். அன்ரியின் முகமே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. “ஹாரப்பன்” என்றான். தோண்டு.

ஒரு இளம் ஆமிக்காரன் மண்வெட்டியோடு இறங்கினான். அன்ரி பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து சட்டை வந்தால், அதுவும் இரத்தக் கறையோடு வந்தால், அவர்கள் என்ன கேட்பார்கள் என்று நான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் பயந்தது அதற்கில்லை. இத்தனை வருடமாகப் பார்க்காமல் வைத்திருந்ததை யாரோ ஒருவன் மண்வெட்டியால் பிரித்துக் காட்டப்போகிறான்.

மண் திரும்பத் திரும்ப மழை மணம் கூடிக்கொண்டே வந்தது. தோண்டுகிறவன் ஒருதரம் நிறுத்தி அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். ஒரு முகில் இல்லை. பக்கத்தில் நின்ற மற்றவனும் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குப் பின் அவன் கொஞ்சம் அவசரமாகத் தோண்டினான்.

முழங்கால் அளவு போயும் ஒன்றும் இல்லை. பேப்பர் இல்லை, சட்டை இல்லை. கேக் மாதிரி உதிர்கிற கறுப்பு மண் மட்டும்தான். பெரியவன் காலால் ஒருதரம் கிளறிப் பார்த்துவிட்டு, “யமு” என்றான். போய்விட்டார்கள். அடுத்த வீட்டுக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

நான் அழுதேன். எனக்கு அது நிம்மதி. அன்ரி அழவில்லை. குசினிக்குள் போய் மா அரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வா பிள்ளை.”

அரிதட்டு

இரண்டு பேரும் குழிக்கரையில் குந்தினோம். நான் கையால் அள்ளிப் போட, அன்ரி அரித்தார். மண் பொலபொலவென்று இறங்கியது. மேலே தங்கியவை கறிவேப்பிலை வேர், நத்தைக் கோது, செங்கல் துண்டு. அன்ரி ஒவ்வொன்றையும் விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொட்டினார். வெயில் ஏறிக்கொண்டு போனது. வேலைக்குப் போகவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

பிறகு அரிதட்டில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

பொத்தான்.

அன்ரி உடனே கண்ணை மூடிக்கொண்டார். “என்ன நிறம்?” என்று கேட்டார்.

“மண் பிடிச்சிருக்கு அன்ரி. தெரியேல்லை.”

“கழுவாதை. எல்லாம் வரட்டும்.”

ஒவ்வொன்றாக வந்தன. துணியையும் நூலையும் பேப்பரையும் மண் தின்று முடித்து, தின்ன முடியாததை மட்டும் எங்களுக்கு விட்டிருந்தது. குழி மண் முழுவதையும் அரித்தோம். பிறகு அன்ரி சொல்லி இன்னொருதரமும் அரித்தோம். மேலும் ஒன்றும் வரவில்லை. அன்ரி பொத்தான்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக் குழாயடிக்குப் போனார். கண்ணை மூடியபடியே தண்ணீரில் பிடித்துத் தேய்த்தார். கையை என் பக்கம் நீட்டினார்.

“நீ பார்.”

பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. நாலு ஓட்டை வைத்த கபில நிறப் பொத்தான்கள். வெள்ளை ஒன்றுமில்லை. நீலம் இல்லவே இல்லை.

“கபிலம், அன்ரி. எல்லாம் கபிலம்.”

அவர் கண்ணைத் திறந்தார். பொத்தான்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு குழாயடியிலேயே நிலத்தில் குந்திச் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். “அவற்ற இல்லைப் பிள்ளை, அவற்ற இல்லை!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்துபோனோம்.

சிரிப்பு இடையில் நின்றது. அன்ரி தன் கையைப் பார்த்தார்.

“அப்ப இது ஆற்ற சட்டை?”

ஒரு மெழுகுதிரி

அந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாளன்று நானும் அவரோடு சேமக்காலைக்குப் போனேன். தாய் தகப்பன் கல்லறையில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். திரும்பி வரும்போது வாசலில் மெழுகுதிரி விற்கிற பெண்ணிடம் வழமையான மூன்றுக்கு மேலே இன்னும் ஒன்று வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றை அலுமாரிக்குள், மாதாவுக்குப் பின்னால் வைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். குழியை நாங்கள் அன்றைக்கே மூடியிருந்தோம். பொத்தான்களையும் உள்ளேயே போட்டு மூடியிருந்தோம். கறிவேப்பிலையடியில் மெழுகுதிரியை நட்டார். காற்றடித்தது. நான் முந்தானையால் மறைத்துப் பிடிக்க, அவர் கொளுத்தினார்.

முழங்காலில் நின்று செபம் சொன்னார். செபத்தின் நடுவில், பெயர் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

“பேர் தெரியாமச் சொன்னா ஏற்குமோ அன்ரி?” என்று கேட்டேன். சைவக்காரியின் சந்தேகம்.

“பேர் அவனைப் படைச்சவருக்குத் தெரியும். அவன்ர பெண்சாதிக்குத்தான் பாவம், இடம் தெரியாது.”

சுடர் நிமிர்ந்து நின்றது. மழை அப்போது தொடங்கியிருந்த காலம், மண் உண்மையாகவே நனைந்திருந்தது. ஆனாலும் அந்த மணம் வந்தபோது நான் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அன்ரி எழும்பவில்லை. மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“பொட்டலம் மாறித்தானே எனக்கு வந்தது பிள்ளை. அப்ப அவற்ற சட்டை எந்த வீட்டுக்குப் போயிருக்கும்?”

காற்று திரும்ப அடித்தது; அன்ரி சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“அந்த வீட்டிலை இருக்கிறவளெண்டாலும் பிரிச்சுப் பாத்திருப்பாள். நீலப் பொத்தானைக் கண்டு, இது என்ர மனுசன்ர இல்லையெண்டு சந்தோசப்பட்டிருப்பாள்.”